அகல டயர்

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் தரம் பிரிப்பது என் வேலை. கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவியே தோலின் கனத்தையும் குறையையும் சொல்லிவிடுவேன். அந்தத் தலைக்கனம் எனக்கு நிறையவே உண்டு.

எண்பதுகளில் ஒரு பழைய பியட் வாங்கினோம். என் மனைவி ஸ்டெல்லா வாணியம்பாடியில் டீச்சர். தினமும் அதை ஓட்டிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போவாள். வளைவில் வண்டி சாய்ந்து அலைகிறதே என்று, ஐந்து இருபது அளவு டயரைக் கழற்றி, அதைவிட அகலமான ஐந்து தொண்ணூறு போடச் சொன்னேன்.

“அகலம் ஜாஸ்தி சார், ஸ்டியரிங் கனமாயிடும். வண்டிய யாரு ஓட்டுவாங்க?” என்று கேட்டார் டயர் கடை பாய்.

“கனமான தோலுதான் நல்லா உழைக்கும் பாய். போடுங்க.”

வளைவுகளில் வண்டி ரோட்டைக் கவ்விக்கொண்டு ஓடியது. ஆனால் இரண்டே வாரத்தில் ஸ்டெல்லா பஸ்ஸுக்கு மாறிவிட்டாள். பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்தேன். சிரித்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரியாணி வாங்கப் போனபோது, ரோட்டைக் கடக்க அவள் கையைப் பிடித்தேன். என் கட்டைவிரல் பழக்கதோஷத்தில் உள்ளங்கையைத் தடவியது. கொப்புளங்கள் உடைந்து காய்த்துப் போயிருந்தன.

“இன்னா ஸ்டெல்லா இது?”

“ஸ்டியரிங்கத் திருப்பவே முடியல. நீங்க ஆசையா போட்டீங்க, எப்படி சொல்றது?”

மறுநாள் பழைய டயரையே மாட்டச் சொன்னேன். பாய் ஸ்பேனரை எடுத்தார். அவர் அன்று கேட்டதற்கு நானாகவே பதில் சொன்னேன்: “வண்டிய எங்க வீட்ல ஓட்டுவாங்க பாய்.”

அன்று மாலை அவள்தான் ஓட்டினாள். வளைவில் வண்டி பழையபடி அலைந்தது. நான் பக்கத்து சீட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு நிம்மதியாக நான் எந்தக் காரிலும் போனதில்லை.