குண்டும் குழியுமான ரோடு வேண்டி

என் கணவருக்கு நாற்பத்தெட்டு வயதில் தொப்பையும் சைக்கிள் ஆசையும் ஒரே சமயத்தில் வந்தன. கள்ளக்குறிச்சியில் பம்ப்செட் கடை வைத்திருப்பவர். தெருமுனைக்குப் போய் கொத்தமல்லி வாங்கி வரச் சொன்னால்கூட வண்டிச் சாவியைத் தேடுவார். அப்படிப்பட்டவர் ஒருநாள் இரண்டு பெரிய அட்டைப்பெட்டிகளோடு வந்து இறங்கினார். ஒன்றில் அவருக்குச் சைக்கிள். இன்னொன்றில், நான் கேட்காமலே, எனக்கும்.

"இது சாதா சைக்கிள் இல்ல. கிராவல் பைக். மண்ணு ரோடு, ஜல்லி ரோட்டுல ஓட்றதுக்குன்னே செஞ்சது" என்றார்.

"நம்ம ஊர்ல எல்லாரும் எல்லா சைக்கிளையும் அதுலதான ஓட்டிக்கினு இருக்காங்க?" என்று கேட்டேன். அவர் பெட்டியைப் பிரிக்க ஆரம்பித்தார்.

அவர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் வேறு சேர்ந்திருந்தார். அதில் இருப்பவர்கள் எல்லாம் நல்ல ரோடுள்ள ஊர்க்காரர்கள். 'இன்று முழுக்கக் கரடுமுரடு, அருமை' என்று படம் போடுவார்கள். நாங்கள் ஆறு மாதம் கோமுகி அணைப் பக்கம் ஓட்டிப் பழகினோம். அவர் தொடையோடு ஒட்டிய கறுப்பு அரைக்கால் சட்டை போட்டுக்கொள்வார். நான் சுடிதாரில் போவேன். அரசுப் பள்ளியில் வேதியியல் டீச்சர் நான். பிளஸ் டூ பையன்கள் கண்ணில் இவர் அந்த உடையில் பட்டுவிடக் கூடாதே என்பதுதான் அப்போது என் ஒரே கவலை.

பிறகு கல்வராயன் மலைக்குப் போவதென்று முடிவானது. கரியாலூர் ஏரியில் தொடங்கி, பின்பக்கக் காட்டோரமாக நான்கைந்து ஊர்களைத் தொட்டு, அதே பாதையில் ஏரிக்கே திரும்பும் வழி ஒன்றைச் செல்போனில் கோடு போட்டு வைத்திருந்தார். மலை ஏறுவதற்கு மட்டும் சரக்கு ஏற்றும் குட்டியானை வண்டி ஒன்று பிடித்தோம். சைக்கிள்களைப் பின்னால் படுக்கவைத்து, நாங்கள் டிரைவர் பக்கத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டோம்.

"சைக்கிளு ரிப்பேருங்களா?" என்று டிரைவர் கேட்டார்.

"இல்ல, மேல போய் ஓட்றதுக்கு" என்றார் இவர்.

டிரைவர் கச்சிராயபாளையம் தாண்டி முதல் வளைவில் கியரை மாற்றினார். அப்புறம், "நல்லது" என்றார்.

கரியாலூரில் ஏரியை முதுகுக்குப் பின்னால் வைத்து நான்கு படம் எடுத்துக் குழுவுக்கு அனுப்பினார். குட்டியானை எதிலும் தெரியாமல் பார்த்துக்கொண்டார். நான் படகுத்துறைப் பக்கம் உட்கார்ந்து யூனிட் டெஸ்ட் பேப்பர் திருத்தலாம் என்று ஒரு கட்டு விடைத்தாளைப் பையில் கொண்டுவந்திருந்தேன். அவர் விடவில்லை. கிளம்பினோம்.

முதல் ஐந்து கிலோமீட்டர் உண்மையிலேயே நன்றாக இருந்தது. குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக் கொல்லைகளுக்கு நடுவே செம்மண் பாதை. காற்று ஜில்லென்று முகத்தில் அடித்தது. நான் முன்னால் போய்விட்டேன். இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. ஓர் இறக்கத்தில் புதிதாக ஜல்லி கொட்டிப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். ஏழெட்டுப் பெண்கள், கையில் கூடையும் மண்வெட்டியுமாக. நான் பிரேக் பிடித்து இறங்கி, தள்ளிக்கொண்டு போனேன். இவர் இறங்கவில்லை. இந்த மாதிரி இடத்துக்காகத்தானே சைக்கிள் வாங்கினோம் என்று நினைத்திருப்பார். ஜல்லியில் முன்சக்கரம் ஒரு பக்கம் போக, இவர் இன்னொரு பக்கம் போய், ஓரத்தில் குவித்திருந்த ஜல்லியில் முழங்கை ஊன்றி விழுந்தார்.

பெண்கள் ஓடிவந்து தூக்கினார்கள். ஹெல்மெட்டையும் கறுப்புக் கண்ணாடியையும் பார்த்துவிட்டு ஒரு அம்மா கேட்டார்: "ரோட்ட அளக்க வந்த ஆபீசருங்களா?"

"இல்லங்க. சும்மா சைக்கிள் ஓட்ட வந்தோம்" என்றேன் நான்.

"இந்த ரோட்டுலயா?"

"இந்த மாதிரி ரோடுதான் வேணும்னு தேடிக்கினு வந்தோம்."

அந்த அம்மா என்னைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார். பிறகு சிரித்தார்கள் பாருங்கள், மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு. நானும் சேர்ந்து சிரித்தேன். இவர் முழங்கையை ஊதிக்கொண்டிருந்தார்.

அந்தக் கூட்டத்தில் இருபத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண், கீழே கிடந்த சைக்கிளை நிமிர்த்தி, மணி எங்கே என்று தேடினாள். "சார், ஒரு ரவுண்டு போவட்டுமா?" என்றாள். இவர் வாயைத் திறப்பதற்குள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறிவிட்டாள். நான் தள்ளிக்கொண்டு வந்த ஜல்லிமேல் நேராக ஓட்டிப்போய், எதிர்மேட்டில் ஏறி, வளைவில் மறைந்தாள்.

ஐந்து நிமிடம் ஆனது. பத்து நிமிடம் ஆனது. இவர் அந்த அரைக்கால் சட்டையோடு குறுக்கும் நெடுக்கும் நடக்க ஆரம்பித்தார்.

"எங்க சார் பூடுவா அவ?" என்றார் அந்த அம்மா. "கீழ போறதுன்னாலும் இப்டிதான் வரணும். வேற வயி இருந்தா நாங்க ஏன் இங்க ஜல்லி வாரிக்கினு இருக்கறோம்?"

இருபது நிமிடம் கழித்து வந்தாள். ஹேண்டிலில் ஒரு துணிப்பை. அதில் மஞ்சள்தூளும் தண்ணீர் பாட்டிலும். "சாருக்கு ரத்தம் வந்துச்சே, வூட்டுக்குப் போய் எடுத்தாந்தேன்" என்றாள். பதினோராவது படிக்கும்போது கவர்மெண்டில் சைக்கிள் கொடுத்தார்களாம். "இந்த ரோட்டுல ரெண்டு மாசத்துல ரிம்மு கோணிக்கிச்சு. இது நல்லாக்குதுக்கா. கியருதான் இன்னான்னு புரில. தொடவே இல்ல."

இவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மறுபடி சிரித்திருப்பேன்.

காயத்தைக் கழுவி மஞ்சள் வைத்துக்கொண்டிருக்கும்போது அவள் என் பையிலிருந்த விடைத்தாள்களைப் பார்த்தாள். டீச்சர் என்று தெரிந்ததும் அவள் பேச்சு வேறானது. இந்த ஜல்லியோடு வேலையை நிறுத்திவிடுவார்கள், ஒரு மழையில் எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும், தார் போட வேண்டும், மனு எழுதித் தர முடியுமா என்றாள்.

யாரோ ஒரு மாணவனின் விடைத்தாளில் கடைசிப் பக்கம் காலியாக இருந்தது. பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். அதைக் கிழித்து, பாறைமேல் வைத்து எழுதினேன். பிரசவத்துக்குத் தூளி கட்டித் தூக்கிப்போவது, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் என்று அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினேன்.

"சார் வுயுந்ததையும் எயுதுங்கக்கா" என்றாள் அவள்.

எழுதினேன். 'மேற்படி சாலையில் இன்று சைக்கிளில் வந்த வெளியூர்க்காரர் ஒருவர் விழுந்து காயமடைந்தார்.' எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு பேர் ரேகை வைத்தார்கள். கடைசியில் பேனாவை இவரிடம் நீட்டினேன்.

"நான் எதுக்கு?"

"வுயுந்தது நீங்கதான?" என்றாள் அவள்.

குண்டும் குழியுமான ரோடு வேண்டி மலையேறிய மனிதர், அதற்குத் தார் போடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். கை வலிக்கிறது என்றார். எந்தக் கை என்று நான் கேட்கவில்லை.

அடுத்த வருடம் தார் போட்டுவிட்டார்கள். எங்கள் மனுவால்தான் என்று சொல்லமாட்டேன். மலைக்காரர்கள் அதற்குமுன் எத்தனை மனு கொடுத்திருப்பார்களோ. இவர் குழுவில், 'நல்ல ரூட் ஒன்று கெட்டுவிட்டது' என்று போட்டார். அதற்காக நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

இந்தத் தை மாதம் மறுபடி போனோம். அந்த ரோட்டில் இப்போது மினி பஸ் போகிறது. மஞ்சள்தூள் கொண்டுவந்த அந்தப் பெண் தன் வீட்டு வாசலில் எங்களை உட்காரவைத்து, வேகவைத்த கிழங்கும் மிளகாய்ச் சட்னியும் கொடுத்தாள். இவர் வழவழப்பான தார் ரோட்டையே பார்த்துக்கொண்டு கிழங்கைத் தின்றார். அவளுக்குப் பாவமாகிவிட்டது.

"சார், அந்தாண்ட மேட்டு மேல ரெண்டு ஊருக்கு இன்னும் ரோடே போடல. கல்லும் முள்ளுமா கெடக்கு. உங்களுக்குப் புடிக்கும், போய்ட்டு வாங்க" என்றாள்.

இவர் உடனே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். எனக்கு இன்னொரு கிழங்கு வேண்டியிருந்தது. நான் போகவில்லை.