சாம்பல் விளக்கின் பதினெட்டு மணி நேரம்

வோய்கா யாரையும் நம்புகிறவள் இல்லை. சுண்ணாம்புக்கல் குகைகள் நிறைந்த கார்ஸ்ட் மேட்டிலுள்ள அந்தச் சின்ன ஊரின் தபால் நிலையத்தில் வேலை. ஒருவர் எடைபோட்ட பொட்டலத்தை அவள் இன்னொரு முறை எடைபோடுவாள். மழை பெய்கிறது என்று கணவன் சொன்னால் ஜன்னலைத் திறந்து கையை நீட்டிப் பார்ப்பாள். இது குணக்கேடு என்று ஊரில் பேசுகிறார்கள். பேசுகிறவர்களில் யாரும் நூற்றைம்பது மீட்டர் பள்ளத்தில் கயிற்றில் தொங்கியதில்லை. தொங்கியவர்கள் அப்படிப் பேசுவதில்லை.

ஊரின் குகைச் சங்கத்தில் சாமான் அறைச் சாவி இருபத்திரண்டு வருடமாக அவளிடம்தான் இருக்கிறது. வயதான கயிற்றை அவள் தூக்கி எறிய மாட்டாள். முழ நீளத் துண்டுகளாக வெட்டித்தான் எறிவாள். முழுசாகப் போட்டால் எவனாவது எடுத்துக்கொண்டு இறங்குவான் என்பது அவள் கணக்கு. அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு கொக்கிகூட அந்த அறையை விட்டு வெளியே போனதில்லை.

அந்த வருடம் கானின் மலையின் ஆழக் குழிக்குள் எட்டுப் பேர் இறங்குவதாக முடிவானது. நான்கு நாள் பயணம். முகாமிலிருந்து அடிமட்டம் போய்த் திரும்ப ஒரே மூச்சில் பதினான்கு மணி நேரம் ஆகும். எட்டில் ஒருத்தி ஈவா, வோய்காவின் மகள்.

தலைவிளக்குகள் புதிதாக வாங்க வேண்டும். இரண்டு வகை வந்திருந்தன; ஒன்றின் கூடு சிவப்பு, இன்னொன்றின் கூடு சாம்பல். சிவப்பு விளக்கு மங்கல், மஞ்சள் வெளிச்சம். சாம்பல் விளக்கு கண்ணைப் பறிக்கும் வெள்ளை. இருபது மணி நேரம் எரியும் என்று அதன் பெட்டியில் போட்டிருந்தது.

"பெட்டியிலயே போட்டிருக்கான், அப்புறம் என்ன?" என்றார் சங்கத் தலைவர் எகோன்.

"பெட்டிய செஞ்சவன் குகைக்குள்ள வந்தானா? வீட்டுல கணப்புப் பக்கத்துல உக்காந்து எரிச்சுப் பாத்திருப்பான். உள்ள எட்டு டிகிரி, எகோன். குளிர்ல பேட்டரி செத்துப்போகும்."

எகோன் பெருமூச்சு விட்டார். "சரி, காகிதம் மாட்டு."

அந்தச் சங்கத்தின் வழக்கம் இது: ஊருக்குப் பக்கத்துக் குகையில் செய்தித்தாளின் மரண அறிவிப்புப் பக்கத்தைப் பாறையில் மாட்டுவார்கள். விளக்கை ஆறு அடி தள்ளி வைத்துப் பொடி எழுத்தைப் படிப்பார்கள். படிக்க முடியாத நிமிடம் விளக்கு செத்ததாகக் குறிப்பார்கள். ஒரு விளக்குக்கு ஒரே ஆள், ஒரே பக்கம், தொடக்கம் முதல் கடைசிவரை. நடுவில் ஆளையோ பக்கத்தையோ மாற்றினால் ஏமாற்று வேலை நுழைந்துவிடும் என்று இந்தச் சட்டத்தைப் போட்டவளே வோய்காதான். அப்போது விளக்குகள் ஐந்து மணி நேரம் எரிந்தாலே பெரிது.

சிவப்பின் முன்னால் வோய்கா உட்கார்ந்தாள். ஒரு வளைவு தள்ளி, வெளிச்சம் கலக்காத இடத்தில், சாம்பலின் முன்னால் சங்கத்துப் பையன் ஸ்தென்கோ உட்கார்ந்தான். சாம்பல் விளக்கை வரவழைத்த கடைக்காரன் ஸ்தென்கோவின் தாய்மாமன். இதை அவள் மறக்கவில்லை.

முடிவு வந்தது. சிவப்பு பதின்மூன்று மணி நேரம். சாம்பல் பதினெட்டு.

"பதினெட்டா?" என்றாள் வோய்கா.

"பதினெட்டும் பத்து நிமிசமும், அக்கா. பின்பக்கம் மரத்தே போச்சு."

"எங்க கொண்டா பேட்டரிய."

அவள் பேட்டரியின் அடியில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்திருந்தாள், யாருக்கும் தெரியாமல். புள்ளி அப்படியே இருந்தது. அவன் பைக்குள் கைவிட்டுத் துழாவினாள். வெறும் குடுவை, பாதி ரொட்டி, காய்ந்த இறைச்சித் தோல்.

"மாத்து பேட்டரி தேடுறீங்களா?"

"ஆமா."

"கோவணத்துக்குள்ளயும் பாக்குறீங்களா?"

"தேவைப்பட்டா பாப்பேன்."

கிடைக்கவில்லை. ஆனாலும் அவளுக்கு அந்தப் பதினெட்டு தொண்டையில் முள்ளாக நின்றது. இரண்டு நாள் தபால்களைத் தப்பான பெட்டியில் போட்டாள். செவ்வாய்க்கிழமை மதியம் யோத்தா சூப்பில் கரண்டியை விட்டவள் அப்படியே எழுந்து ஸ்தென்கோவின் பட்டறைக்குப் போனாள். அவன் டிராக்டருக்கு அடியில் கிடந்தான். கால் மட்டும் தெரிந்தது.

"டேய், அந்தப் பக்கத்துல மூணாவது அறிவிப்பு யாரோடது?"

"யோசிபினா கிழவி" என்றது டிராக்டரின் அடி. "எண்பத்தேழு வயசு. மகன்கள் மரியான், சில்வெஸ்டர், மகள் லுத்விகா, பேரப்பிள்ளைகள் பதினொண்ணு. பூ வேண்டாம், தீயணைப்புப் படைக்கு நன்கொடை கொடுத்தாப் போதும். அடுத்தது..."

அவன் குரல் நின்றது. மெதுவாக வெளியே ஊர்ந்து வந்தான். முகமெல்லாம் கிரீஸ்.

"அக்கா, நான் பொய் சொல்லல."

"தெரியும். கடைசி சில மணி நேரம் நீ படிக்கல. ஒப்பிச்சே."

"எழுத்து தெரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு, அக்கா!"

"தெரிஞ்ச மாதிரிதான் இருக்கும். வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமா எறங்கும்போது கூடவே உக்காந்திருக்கிறவனுக்கு அது தெரியாது."

சொல்லிவிட்டு அவள் நகரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. லூட்விக், தொண்ணூற்றொன்று, ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், மனைவி மாக்தா, கோப்பர் ஊரில் அடக்கம், மூன்று மணி. அவள் சிவப்பு விளக்கின் முன்னால் பார்த்த பக்கம் ஒரு எழுத்து விடாமல் அவளுக்கும் மனப்பாடமாக வந்தது.

"நானும்தான்டா" என்றாள். தன்னைத் தானே ஏமாற்றிக்கொண்டதைவிட, தான் போட்ட சட்டமே ஏமாற்றியது அவளுக்குப் பெரிய எரிச்சல்.

புதன்கிழமை விடுப்பு எடுத்தாள். விடியற்காலையில் இரண்டு விளக்குக்கும் பேட்டரியை முழுசாக ஏற்றி மறுபடியும் குகைக்குள் வைத்தாள். மணிக்கு ஒரு ஆள் வெளியிலிருந்து வரவேண்டும். வருகிறவர் தான் படித்திராத பழைய தாள் ஒன்றை மாட்டிப் படிக்கவேண்டும். சங்கத்தில் பாதிப் பேர் திட்டிக்கொண்டே வந்தார்கள். எகோன் முட்டி வலியோடு வந்தார்.

"கடைசியில உன் சட்டத்த நீயே ஒடைச்சிட்டே."

"தப்பான சட்டம். ஒடைக்காம கும்பிடச் சொல்றியா?"

சிவப்பு ஒன்பது மணி நேரத்தில் செத்தது. சாம்பல் பதினொன்று.

ஆக, அவள் சந்தேகப்பட்ட விளக்குதான் ஜெயித்தது. அவள் மனசுக்குள் தேர்ந்தெடுத்து வைத்திருந்த சிவப்பு தோற்றது. ஸ்தென்கோ வாயெல்லாம் பல்லாக நின்றான்.

"மாமாகிட்ட சொல்லிரட்டுமா, அக்கா?"

"சொல்லு. பெட்டியில இருக்கிற இருபது பொய்ன்னும் சேத்துச் சொல்லு."

"என் மேல இருந்த சந்தேகம் போயிருச்சுல்ல?"

"கொறஞ்சிருக்கு."

சாம்பல் விளக்குதான் போகும், ஆனால் ஆளுக்கு இரண்டு பேட்டரி போகும் என்று சீட்டில் எழுதினாள். பதினொரு மணி நேர விளக்கு பதினான்கு மணி நேரப் பயணத்துக்குப் போதாது. மூன்று மணி நேரம் ஒருத்தி கயிற்றில் இருட்டில் தொங்குவதற்கு அவள் கையெழுத்துப் போட மாட்டாள்.

"மாத்துக்குக் குட்டி வெளக்குதான் ஆளுக்கு ரெண்டு இருக்கே!" என்று ஈவா கத்தினாள். "ஏற்கெனவே பை முதுக ஒடைக்குது. முந்நூறு கிராம், அம்மா!"

"அந்தக் குட்டி வெளக்க வச்சுக்கிட்டு நூத்தம்பது மீட்டர் ஏறிக் காட்டு. காட்டிட்டு வந்து கொறைக்கிறேன்."

வெள்ளிக்கிழமை காலை சங்க வாசலில் வண்டி நின்றது. எட்டுப் பைகள் வரிசையாகச் சுவரில் சாய்ந்திருந்தன. எல்லோரும் காப்பிக் கோப்பையோடு நிற்க, வோய்கா ஒவ்வொரு பையாக வாயைப் பிரித்தாள். ஸ்தென்கோவின் பையில் இரண்டு பேட்டரி. அடுத்த பையில் இரண்டு. ஏழு பையிலும் இரண்டிரண்டு.

எட்டாவது பையில் ஒன்றுதான் இருந்தது.

வோய்கா நிமிர்ந்து ஈவாவைப் பார்த்தாள். ஈவா கோப்பைக்குள் பார்த்தாள். காது மடல் சிவந்திருந்தது.

"எங்கடி?"

"சமையலறை மேசையில" என்றாள் ஈவா, சத்தமே வராமல்.

யாரும் சிரிக்கவில்லை. வோய்கா சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தாள். அதில் அவள் இன்னும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. எகோன் வண்டியின் இன்ஜினை அணைத்தார். ஈவா கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு வீட்டைப் பார்த்து ஓட ஆரம்பித்தாள்.