ஜல்லி அரித்துப்போன இடம்

பட்டுக்கோட்டைக்குக் கிழக்கே ரயில்பாதையில் நடப்பதுதான் செம்மொழிக்கு வேலை. தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் கிளிப்புகள் தளர்ந்திருந்தால் அடித்து இறுக்குவாள். தண்டவாளத்தில் விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்ப்பாள். நாற்று நட்டுப் பிழைத்த குடும்பத்திலிருந்து தேர்வெழுதி வந்தவள். வெயிலுக்கும் பாம்புக்கும் பழகிவிட்டாள். மழைக்கு மட்டும் பழகவில்லை.

ஐப்பசி அடைமழையில் சம்பா வயல்களெல்லாம் மூழ்கிக் கிடந்த ஒரு பகல். சிறு பாலத்தைத் தாண்டியதும் காலடியில் பாதை லேசாக ஆடியது. குனிந்து பார்த்தாள். வடிகால் உடைத்துக்கொண்டு, தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியையும் மண்ணையும் அரித்துப் போயிருந்தது. சிலிப்பர் கட்டைகள் அந்தரத்தில் தொங்கின. அவள் பார்க்கும்போதே இன்னும் கொஞ்சம் மண் சரிந்தது.

பட்டுக்கோட்டை ஸ்டேஷன் மாஸ்டருக்குப் போன் போட்டாள்.

"சார், செம்மொழி பேசுறேன். பாலத்துக்கிட்ட அரிச்சுப்போச்சு. வண்டிய விடாதீங்க."

"பாசஞ்சர் இப்பத்தாம்மா கிளம்பிச்சு. டிரைவரைக் கூப்பிட்டுப் பாக்குறேன். நீ மேற்கால ஓடு."

சிவப்புக் கொடியோடு ஓடினாள். நனைந்த கொடி கம்பில் ஒட்டிக்கொண்டது. இந்த மழையில் இது யாருக்குத் தெரியும்? நின்று, பையிலிருந்த எச்சரிக்கைப் பட்டாசைத் தண்டவாளத்தில் வைத்தாள். சக்கரம் ஏறினால் வெடிக்கும். ஈர விரல் வழுக்கியதில், அதைத் தண்டவாளத்தோடு பிடித்துக்கொள்ளும் தகட்டை மடக்கவே முடியவில்லை. தண்டவாளம் அதிரத் தொடங்கியது. எப்படியோ மடக்கிவிட்டு மறுபடி ஓடினாள்.

விளக்கு தெரிந்தது. ஹாரன் கேட்டது. வேகம் மட்டும் குறையவில்லை. கடைசி நொடியில் ஓரமாகப் பாய்ந்தாள். ஜன்னல்கள் கடந்துபோயின, ஒரு குழந்தை அவளுக்குக் கையசைத்தது. பின்னால் பட்டாசு வெடித்தது, பிரேக் கிறீச்சிட்டது. திரும்பிப் பார்க்கத் தைரியமில்லாமல் சரிவிலேயே உட்கார்ந்தாள். பெட்டிகள் கவிழும் சத்தத்துக்குக் காத்திருந்தாள். மழைச் சத்தம்தான் கேட்டது.

இன்ஜின் உடைப்புக்குச் சற்று முன்னால் நின்றிருந்தது. டிரைவர் ஜெய்னுலாபுதீன் இறங்கி, தொங்கும் தண்டவாளத்தைப் பார்த்துவிட்டு இன்ஜின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார்.

"கொடி தெரியலைம்மா, ஸ்டேஷன்லேருந்து கூப்பிடவும் இல்ல," என்றார். "வெடிச்சப்புறம்தான் பிரேக்கப் போட்டேன்."

அதன்பிறகு மழை பெய்தால் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கணவன் இளவழகன், "ஆபீஸ் வேலை கேளு," என்றான். கேட்டாள், கிடைத்தது. அடுத்த மழைக்காலத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எழுந்து நின்றாள்.

"முடியலைங்க," என்றாள் அவனிடம். "அங்க இருந்தா நானே பாத்துக்குவேன். இங்க, யாராவது பாத்தாங்களான்னே தெரியல."

திரும்பப் பாதைக்கே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள். முதல் நாள் காலையில் தூறல். இளவழகன் பைக்கில் கொண்டுபோய் இறக்கிவிட்டான். அவள் சுத்தியலைத் தோளில் போட்டுக்கொண்டு, பயத்தோடுதான் பாதைமேல் ஏறிப்போனாள்.