சித்தி செய்த படகு வளையல்

ஏரியில் ஃபைபர் படகுகள் வராத காலம். எனக்கு ஏழெட்டு வயது. என் அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் இரண்டு முறை திரும்பிப் போய்விட்டார்கள். அவள் அழகில் குறையில்லை. யார் என்ன கேட்டாலும் வாய் திறக்கமாட்டாள், அவ்வளவுதான். "பொண்ணு ஊமையா?" என்று கேட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு. மூன்றாவதாகப் பசியாவரத்திலிருந்து ஒரு குடும்பம் வருவதாகச் சொல்லியனுப்பியபோது, லைட்ஹவுஸ் குப்பத்தில் எங்கள் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அவர்கள் வருவதற்கு முதல் நாள், பொன்னேரியிலிருந்து பஸ்ஸும் தோணியுமாகச் சித்தி வந்து சேர்ந்தாள். சித்தப்பாவின் வெள்ளிப் பட்டறையில் அவருக்குச் சமமாக உட்கார்ந்து ஊதுகுழல் பிடிப்பவள். மடியிலிருந்து ஒரு வளையலை எடுத்து அக்காவின் கையில் போட்டாள். அதன்மேல் புளியங்கொட்டை அளவில் ஒரு படகு! கையை அசைத்தால் அலையில் ஏறி இறங்குவதுபோல் ஆடியது. துடுப்பைத் தள்ளினால் முன்னும் பின்னும் போனது. மயிரிழை போன்ற வெள்ளிக் கம்பியில் பின்னிய வலை ஒன்று விளிம்பில் தொங்கியது. அப்படியொரு நகையை அதற்குப் பின்பும் நான் பார்த்ததில்லை.

"உள்ள ஒரு மீன் கீது. எப்பிடி வரும்னு நீயே கண்டுபுடி," என்றாள் சித்தி. அன்று பொழுதுக்கும் அக்கா அதைவிட்டு நகரவில்லை.

மறுநாள் அக்கா காபி கொடுத்தபோது, மாப்பிள்ளையின் அம்மா அதைப் பார்த்துவிட்டார். "இன்னாம்மா, கையில படகு ஓடுது?"

அக்கா அதைக் கழற்றிக் கொடுத்தாள். வளையல் கைமாறி மாப்பிள்ளையிடம் போனது. வந்தது முதல் தரையையே பார்த்துக்கொண்டிருந்த அவர் துடுப்பைத் தள்ளினார், வலையைத் தட்டினார், குலுக்கினார். நாள்தோறும் ஏரியில் வலை போடுகிறவருக்கு இந்த மீன் அகப்படவில்லை. வியர்த்துவிட்டது.

"ஒத்த ஆளால ஆவாது."

அக்காவின் குரல்! எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

"நீங்க ஒரு கையில வளையலப் புடிச்சி, மறு கையால துடுப்பத் தள்ளிப் புடிங்க. நான் பின்னால அமுக்கறேன்."

வலை சுருண்டு மேலேற, நெல்மணி அளவு மீன் ஒன்று வெளியே வந்து துள்ளியது.

"அட, மடவை!" என்றார் மாப்பிள்ளை.

"இல்ல, கொடுவா. வாயப் பாருங்க."

அவ்வளவுதான், இருவரும் சபையை மறந்து வாதாட ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் அடுப்படிக்கு ஓடினேன். "சித்தி, உன் வளையல் சரியில்ல. ஒத்த ஆளு இருந்தா மீனே வராது."

சித்தி கேசரியைக் கிளறியபடி, "இன்னாடி பண்றது, அப்பிடி அமைஞ்சிபோச்சி," என்றாள்.

இவ்வளவு கெட்டிக்காரிக்கு இந்தச் சின்ன விஷயம் தோன்றவில்லையே என்று எனக்குப் பாவமாக இருந்தது. "பரவால்ல சித்தி, அடுத்த வாட்டி சரியா செஞ்சிடு," என்று அவளுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வந்தேன்.