இரண்டாவது சீடியைப் பார்க்காதவன்

நேற்று ஆபீஸில் வேலை செய்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, ஒரு பழைய இங்கிலீஷ் படத்தைப் பற்றி ஊர் உலகத்தார் இணையத்தில் எழுதியிருந்த கருத்துகளைப் படித்துக்கொண்டிருந்தேன். படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் தேடிப் பார்த்துவிட்டு என்னோடு சண்டைக்கு வருவீர்கள். ராஜா காலத்துக் கதை. அரண்மனையில் துணி துவைக்கிறவரின் மகன், காயப்போட்டிருந்த இளவரசனின் உடுப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு ஈட்டிப் போட்டிக்குப் போய்விடுகிறான். அவ்வளவுதான். ஆனால் போட்டி பார்க்கிற சனம் கிரிக்கெட் மேட்ச் மாதிரி வரிசையாக எழும்பிக் கை வீசுகிறது. விருந்தில் கித்தார் அடிக்கிறார்கள். வாசல் காவல்காரன் கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறான். கருத்து எழுதியவர்களில் பாதிப் பேர் சரித்திரத்தைக் கேவலப்படுத்திவிட்டார்கள் என்கிறார்கள். மீதிப் பேர் ஜாலியாக இருக்கிறது, பொத்திக்கொண்டு பார் என்கிறார்கள். நான் கடைசிப் பக்கம்வரை படித்தேன். ஒருத்தருக்கும் விஷயம் பிடிபடவில்லை. உக்குவளையில் ஒருத்திக்கு அது ஆறு வருஷத்துக்கு முந்தியே பிடிபட்டது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

எரிகிறது என்று எழுதும்போதே கராம்பு வாசம் வருகிறது. அவள் விரலில் இருந்த வாசம் அது. சசிகலா ஒரு வாசனைச் சரக்குத் தோட்டத்தில் கராம்பும் ஏலக்காயும் பைக்கெட் பண்ணுகிற வேலைக்குப் போனாள். அவள் தொட்ட கொப்பியெல்லாம் புரியாணிச் சட்டி மாதிரி மணக்கும். ஓ.எல். சோதனையோடு படிப்பு நின்றுபோன பிள்ளை. நானோ பல்கலைக்கழகம் போக ஏ.எல். எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த பெரிய மனிதன். இந்த வித்தியாசத்தை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் ஒரு நிமிஷமும் மறந்ததில்லை.

கொப்பி எது என்று சொல்லவில்லையே. உக்குவளைக் கடைத்தெருவில் ரிஸ்வி நானா சீடி வாடகைக்குக் கொடுக்கிற கடை வைத்திருந்தார். வடக்கில் சண்டை நின்றிருந்த வருஷங்கள். கொழும்பிலிருந்து வருகிற பஸ்ஸை வழியில் அவ்வளவாக மறிக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை பின்நேரம் நானாவின் மச்சான் ஒரு ஷொப்பிங் பேக் நிறையப் புதுப் படங்களோடு வந்து இறங்குவார். நானாவுக்குப் படம் பார்க்கிற பழக்கமே இல்லை. "படம் எப்பிடி நானா?" என்று கேட்டால் உறையைத் திருப்பிப் பார்த்து, "குடும்பமா பாக்கேலும்" என்று அடித்து விடுவார். அதை நம்பி ஒரு பாடசாலை அதிபர் மாமனார் மாமியாரோடு உட்கார்ந்து ஒரு படத்தைப் பார்த்திருக்கிறார். அடுத்த நாள் கடை வாசலில் நடந்ததை நான் எழுதினால் நீங்கள் என்னைப் பற்றித் தப்பாக நினைப்பீர்கள். அதற்குப் பிறகுதான் நானா ஒரு தடித்த சீ.ஆர். கொப்பியை வாங்கி ஆணியில் தொங்கவிட்டார். படத்தைத் திருப்பிக் கொடுக்கிறவர் நாலு வரி கருத்து எழுத வேண்டும், கீழே பெயரும் ஊரும் போட வேண்டும். எடுக்க வருகிறவர் அதைப் படித்துவிட்டு எடுக்கலாம்.

அந்தக் கொப்பியில் நான்தான் ராஜா. பேக்கரிப் பாணும் பணிஸும் சைக்கிளில் கொண்டு திரிகிறவர் "சண்டை காணாது" என்று எழுதுவார். சிங்களப் பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் சிங்களத்தில் "குதிரை நல்லம்" என்று எழுதுவார், குதிரையே இல்லாத படத்துக்கும். நானோ பக்கம் நிறைய எழுதுவேன். டைரக்டரைத் திட்டுவேன், கமராவைத் திட்டுவேன், இங்கிலீஷ் சொற்கள் தூவுவேன். சனம் கடைக்கு வந்து முதலில் என் கையெழுத்தைத்தான் தேடும். அதற்காக நானா எனக்கு ஒரு பட்டம் மாதிரிக் கொடுத்திருந்ததுதான் 'முதல் கை'. வெள்ளிக்கிழமை பேக் வந்ததும் அதற்குள் முதலில் கை விடுகிறவன் நான். மற்ற எல்லோரும் சனிக்கிழமைதான். ஊரிலேயே ஒரு படத்தை முதலில் பார்த்தவன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பது என்னவென்று இப்போது இணையத்தில் இறக்கிப் பார்க்கிற ஆட்களுக்கு விளங்காது.

பெயருக்குக் கீழே ஊர் என்ற இடத்தில் நான் 'உக்குவளை டவுன்' என்று போடுவேன். அது பாதி உண்மை. ஏ.எல். படிக்க டவுனில் மாமா வீட்டில் நின்றேன். மீதி உண்மை, மேலே தேயிலைத் தோட்டத்தில், ஏழாம் நம்பர் லயத்து வரிசை வீட்டில் இருந்தது. அப்பாவுக்கு ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தொழிற்சாலையில், தேயிலை அரிக்கிற வேலை. டவுன் பொடியன்கள் நடுவில் தோட்டம் என்று சொன்னால் பேச்சில் ஒரு சின்ன இடைவெளி விழும். அந்த இடைவெளி எனக்குப் பிடிக்காது. சசிகலாவும் அதே தோட்டம், ஆறாம் நம்பர் லயம். அவள் 'ஆறாம் லயம்' என்றே போடுவாள், ஏதோ அரண்மனை விலாசம் மாதிரி.

அவள் கொப்பிக்கு வந்து இரண்டு மாதம்தான் இருக்கும். ஒரு நாள் நான் கடையில் நிற்கும்போது பாண்காரர் கொப்பியைப் புரட்டிக்கொண்டே, "சசிப்புள்ள இதுக்கு என்னா எழுதிருக்கு?" என்று கேட்டார். நான் எழுதியது அதே பக்கத்தில் மேலே இருந்தது. அவர் அதைத் தாண்டிப் போனார்.

"அண்ணே, நானும் எழுதியிருக்கேன்" என்றேன்.

"பாத்தேன் தம்பி. நீங்க எழுதுனா படத்தப் பத்தி தெரியுது. அது எழுதுனா படம் பாக்கணும்னு தோணுது."

அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் பொய். நன்றாகச் சாப்பிட்டேன். ஆனால் கோபத்தோடு சாப்பிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமைதான் இந்தத் துணி துவைக்கிறவர் மகன் படம் வந்தது. அந்தக் காலத்தில் ஒரு படம் இரண்டு சீடி. இடைவேளைவரை முதலாவது, பிறகு இரண்டாவது. மாமா வீட்டில் முதல் சீடி முடிந்து இரண்டாவதைப் போடவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. காலையிலும் வரவில்லை. சனிக்கிழமை கடை திறக்கும்போது சீடியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கொப்பியில் என் கருத்தும் இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் சசிகலா முந்திக்கொள்வாள். நான் யோசிக்கவே இல்லை. பக்கம் முழுக்க எழுதினேன். ராஜா காலத்தில் ஏது கித்தார், ஏது கறுப்புக் கண்ணாடி, முட்டாள்தனமான படம். கடைசி வரியில் கெத்தாக ஒன்று போட்டேன்: 'ஒரு சாதாரண ஆள் பொய்ப் பெயரில் கடைசிவரை பிடிபடாமலே தப்புவதாகக் காட்டுகிறார்கள், நம்புகிறவன் மடையன்.'

திங்கட்கிழமை பின்நேரம் நான் கடைக்குள் போகும்போதே பாண்காரர் சிரித்துக்கொண்டு வெளியே வந்தார். "வாங்க, ஒத்த சீடி" என்றார்.

கொப்பியை எடுத்தேன். கராம்பு வாசம். எதிர்ப் பக்கத்தில் அவள் எழுதியிருந்தது ஏறக்குறைய இப்படி:

'முந்தின பக்கத்தில் எழுதியவர் இரண்டாவது சீடியைப் பார்க்கவில்லை போல. அதில் அவன் பிடிபடுகிறான். எனக்கு இங்கிலீஷ் பாதிதான் விளங்கியது. அவனை எல்லோருக்கும் முன்னால் நிறுத்தி உன் அப்பா யார் என்று கேட்கிறார்கள். அப்பா கூட்டத்துக்குள்ளேயே ஈரக்கையோடு நிற்கிறார். அவனுக்கு வாய் வரவில்லை. அவர்தான் கையைத் துடைத்துக்கொண்டு முன்னுக்கு வருகிறார். அந்த இடத்தில் படத்தை நிற்பாட்டிவிட்டு நான் தண்ணி குடிக்கப் போனேன். பழைய கதைக்கு இந்தக் காலத்துப் பாட்டு ஏன் என்று கேட்கிறார்கள். இந்தக் காலத்திலும் அப்படித்தானே நடக்கிறது. அதனால் பாட்டு சரி. சசிகலா, ஆறாம் லயம்.'

நீங்களே சொல்லுங்கள். 'அதனால் பாட்டு சரி.' நான் ஒரு பக்கம் முழுக்கக் கத்தியதை மூன்றே சொல்லில் மூடிவிட்டாள். அது எனக்குத்தான் வந்திருக்க வேண்டும். பொய் விலாசம் போடுகிறவன் நான். ஸ்டோரிலிருந்து தலையெல்லாம் தேயிலைத் தூசியோடு வருகிற அப்பாவை, மாமா வீட்டுக்கு வருவதென்றால் குளித்துவிட்டு வாங்க என்று சொன்னவன் நான். அந்தப் படமே எனக்கு வந்து சேர்ந்த கடிதம் மாதிரி. அதைப் பிரித்துப் படித்தது அவள். அதற்கு மேலே ஒரு பயமும் வந்தது. இவள் என்னைத்தான் சொல்கிறாளா? இன்னும் இரண்டு வரி எழுதினால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடுமே?

பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற சத்தம் கேட்டு நானா எழும்பினார். "அஸர் தொழப் போய்ட்டு வாரன். கடையப் பாத்துக்கோ மகன்" என்றார். தொப்பியை எடுத்துக்கொண்டே இன்னொன்றையும் போட்டார். "ஆ, செல்ல மறந்துட்டன். இந்தக் கிழமையிலேந்து மொதல் கை சசிப்புள்ளக்கி. கோவிச்சிக்காத, சனமெல்லாம் அதத்தான் கேக்குது."

"அதுல என்ன நானா" என்றேன். சிரித்தேன் என்றும் ஞாபகம்.

அவர் பள்ளிவாசல் பக்கம் திரும்பியதும் அந்தப் பக்கத்தைக் கிழித்து, நாலாக மடித்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஆனால் சீ.ஆர். கொப்பி நூல் வைத்துத் தைத்த கொப்பி. ஒரு தாளை இழுத்தால் அதன் சோடித் தாளும் கழன்றுவிடும். நானா திரும்பி வந்து கொப்பியைத் தூக்கியபோது ஒரு தாள் பொத்தென்று கீழே விழுந்தது. எடுத்துப் பார்த்தால், நான் அதுவரை எழுதியதிலேயே நல்ல கருத்து அதில்தான் இருந்தது. பேய்ப் படம் ஒன்றைப் பற்றி. நானா அதையும் கிழிந்த இடத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாரோ எரிச்சல் புடிச்சவன் செஞ்ச வேல மகன். சசிப்புள்ளட எழுத்தக் கிழிச்சீக்கான், ஒன்டத்தயும் சேத்துக் கிழிக்கப் பாத்தீக்கான்." என் தோளில் தட்டினார். "நீ மனச உட்றாத."

ஆறுதல் சொன்ன கையைத் தட்டிவிடவும் முடியாமல், சட்டைப் பை சரசரக்காமல் மூச்சு விட்டுக்கொண்டு நின்றேன்.

அடுத்த நாள் சசிகலா வேலை விட்டு வந்தபோது நானா விஷயத்தைச் சொல்லிப் பேனையை நீட்டினார். "திரும்ப எழுதுங்க மகள்."

அவள் கிழிந்த ஓரத்தை விரலால் தடவினாள். "பரவால்ல நானா. மறந்து போச்சு." பேனையை வாங்கி ஒரே ஒரு சொல் எழுதினாள். நல்லம்.

அதற்குப் பிறகு எந்தப் படத்துக்கும் அந்த ஒரு சொல்தான். நல்லம். பாடாவதிப் படத்துக்கும் நல்லம். பாண்காரர் இரண்டு கிழமை பொறுத்துப் பார்த்துவிட்டு, கொப்பியைத் திறக்காமலே உறையைப் பார்த்து எடுக்கத் தொடங்கினார். மூன்றாம் கிழமை நானா பேக்கை என் பக்கம் தள்ளினார். "நீயே எடு மகன், மொதல் கை." எடுத்தேன். வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன். பிறகு பக்கம் பக்கமாக எழுதினேன். ஒருத்தரும் படிக்கவில்லை.

முடிவு வந்து கெம்பஸ் போகிற நாளில், மாத்தளை பஸ் ஸ்டாண்டில் அவளைக் கண்டேன். வேலைக்குப் போகப் பல்லேபொல பஸ்ஸுக்கு நின்றாள். என் கையில் புதுச் சூட்கேஸ். பக்கத்தில் அப்பா, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு. அவள் அவரிடம், "மாமா, மகன் போறாரா? சந்தோஷமா போய்ட்டு வரச் சொல்லுங்க" என்றாள். அப்பா டிக்கெட் விசாரிக்கப் போன நேரம் பார்த்துக் கேட்டேன்.

"நீ ஏன் சசி இப்பல்லாம் ஒழுங்கா எழுதுறதில்ல?"

"எழுதுனா கிழிக்கிறாங்களே."

"யாருன்னு தெரியுமா?"

"ரெண்டாவது சீடி பாக்காத ஒருத்தரு" என்றாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"என்னய நெனச்சா அத எழுதுன?"

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒங்களயா? நீங்க ஏங்க அதுல வாறீங்க? நான் எங்கப்பாவ நெனச்சி எழுதுனேன். எட்டாம் வகுப்புல நல்லா படிச்சேன்னு மேடைக்கு கூப்பிட்டாங்க. அப்பாவ பின்னுக்கே நிக்கச் சொன்னேன்." அவளுடைய பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள். பொறாமையில் கிழித்தேன், பயத்தில் கிழித்தேன் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லி வைத்திருந்த நியாயங்களில் பாதி அந்த பஸ்ஸின் புகையோடு போனது. நான் அந்தக் கதையில் ஆளே இல்லை.

இப்போது அந்தக் கடையில் நானாவின் மகன் போன் ரீலோட் கார்ட் விற்கிறான். போன மாதம் ஊருக்குப் போனபோது, சண்டை திரும்பத் தொடங்கியதால் பஸ்ஸில் மூன்று இடத்தில் இறக்கி ஏற்றி அடையாள அட்டை பார்த்த களைப்போடு அங்கே நுழைந்து, கொப்பி எங்கே என்று கேட்டேன். "எந்தக் கொப்பி?" என்றான். சீடிகளைக் கட்டுக் கட்டாக யாரோ வில்கமுவப் பக்கம் கொண்டுபோனார்களாம், வயலில் கிளி விரட்டத் தொங்கவிட. சசிகலா கலியாணம் முடித்துப் போய்விட்டாள். எங்கே என்று கேட்க எனக்கு முகம் இல்லை.

அந்தப் பக்கமாவது என்னிடம் இருக்கிறதா என்று கேட்பீர்கள். இல்லை. கிழித்த கிழமையே, சனிக்கிழமை நான் லயத்துக்குப் போனபோது, சட்டையோடு சேர்த்து அம்மா அதைப் பீலிக்குழாய்த் தண்ணியில் துவைத்துவிட்டார். பையிலிருந்து ஒரு வெள்ளை உருண்டைதான் வந்தது, கராம்பு வாசம்கூட இல்லாமல். ஆகவே மேலே நான் அவளுடையது என்று எழுதிக் காட்டியது அவளுடையது இல்லை, என் ஞாபகத்திலிருந்து ஒட்டுப்போட்டது. அவள் எழுதியது இதைவிட நன்றாக இருந்தது. எவ்வளவு நன்றாக என்று சொல்ல, இப்போதும் எனக்கு மனசு வரவில்லை.