டோக்கனைத் தானம் கொடுப்பவர்

முன்னாள் வீரர்கள் சங்கத்தில் அவருக்கு ‘அப்புறம்’ என்று பெயர். எங்கே கூப்பிட்டாலும் “நான் அப்புறம், அவரை முதல்ல பாருங்க” என்பார். காப்பி ஆறிவிடும், பஸ்ஸும் போய்விடும். மனிதர் நின்றுகொண்டே இருப்பார்.

போரில் பிடிபட்டு எதிரியின் முகாமில் கிடந்தபோது கைதிகளுக்குள் ஓர் ஏற்பாடு. தண்ணீரோ ரொட்டியோ, முடியாதவனுக்கு முதலில். நிற்க முடிந்தவன் கடைசியில். அங்கே அது நல்ல ஏற்பாடு. பலர் அதனால்தான் பிழைத்தார்கள். ஆனால் இவர் திரும்பி வந்து, கல்யாணம் செய்து, பேத்தி எடுத்த பிறகும் அந்த வரிசையை விட்டு வெளியே வரவில்லை. ஒருவருக்கு ஓய்வூதியம் வாங்கித் தர அலைவது, இன்னொருவரைச் செயற்கைக் கால் பொருத்தச் சங்கத்து வேனில் கூட்டிப்போவது என்று ஆயுள் ஓடிவிட்டது.

மனைவி ஆஸ்பத்திரி வார்டில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். அவருக்கோ இடது கண் முகாமிலேயே போனது. வலது கண்ணில் புரை முற்றிவிட்டது. இனியும் தள்ளிப்போட்டால் அழுத்தம் ஏறி அதுவும் போய்விடும் என்று டாக்டர் சொல்லியாயிற்று. போன மாதம் ஆபரேஷன் அன்றே தன் டோக்கனைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு வந்த புண்ணியவான் இவர். அதனால் இந்தத் தடவை டோக்கனைத் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள்.

கண் ஆஸ்பத்திரியில் அவள் சொட்டு மருந்து வாங்கி வருவதற்குள் கதை ஆரம்பித்திருந்தது. பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில், ‘மரக்கால்’ என்று எல்லோரும் கூப்பிடும் பழைய முகாம் தோழர். முகாமில் முதல் ரொட்டி எப்போதும் அவருக்குத்தான்.

“சிஸ்டர், எனக்குப் பதிலா இவனைக் கூப்பிடுங்க. இவனால ரொம்ப நேரம் உக்கார முடியாது.”

“ஏங்க! கண்ணு ஆபரேஷனுக்கும் இவர் இடுப்புக்கும் என்ன சம்பந்தம்? உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு கழுதையை வளத்திருக்கலாம். அதுவாவது அடிச்சா நகரும்.”

மரக்கால் சிரித்தார்.

“நீங்க சிரிக்காதீங்க தம்பி. போன மாசம் இவர் டோக்கன்லதான உங்க ஒரு கண்ணு தெறந்துச்சு?”

சிரிப்பு நின்றது.

“அதனாலதான் அண்ணி எனக்கு இப்போ எல்லாம் தெரியுது. டேய் அப்புறம், முந்தாநாள் வேனை என் கால்மேல ஏத்தினியே, ஞாபகம் இருக்கா? நல்லவேளை, அது மரக்கால்.”

“வேனா? ஓட்டுறதை விட்டுட்டேன்னு சொன்னீங்களே!”

அவர் தரையைப் பார்த்தார். அதுவும் சரியாகத் தெரிந்திருக்காது.

“முகாம் முறைப்படி பார்த்தாலும் இன்னைக்கு முடியாதவன் நீதான்டா. உள்ள போ. மிச்சமிருக்கிற காலு எனக்கு வேணும்.”

முடியாதவன் என்று அவரை இதுவரை யாரும் சொன்னதில்லை. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று திரும்பினார்.

“சிஸ்டர், எனக்கு அடுத்து இவனைத்தான...”

“முதல்ல வேன் சாவியை எடுங்க,” என்று மனைவி கையை நீட்டினாள்.

“டாக்டர் ஓட்டலாம்னு சொன்னதும் தருவியா?”

“அப்புறம் பார்க்கலாம்,” என்று சாவியைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். டோக்கனை நர்ஸிடம் கொடுத்து, அவர் முதுகில் கைவைத்து உள்ளே தள்ளினாள்.