லோரிச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம்

இரவுச் சந்தையில் சட்டை வாங்கப் போனால், விலை கேட்கும் முன் காலரைத் திருப்பித் தையலைப் பார்ப்பேன். "சட்ட வாங்குறீங்களாக்கா, மாப்பிள்ள பாக்குறீங்களா?" என்று போன வாரம் கடைக்காரன் கடித்தான். அவனுக்கென்ன தெரியும்? புதுத்துணியின் கஞ்சி வாசம் மூக்கில் ஏறினால் போதும், ஈப்போ டவுன் சட்டைக் கம்பெனியில் என் மெஷின் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவேன்.

எண்பதுகளின் தொடக்கம். அப்பா தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டினார். ரப்பர் விலை இறங்கினால் எங்கள் வீட்டுக் குழம்பில் மீன் காணாமல் போகும். நானோ கம்பெனி பஸ் ஏறிப் போய், காற்றாடிக்கடியில் காலர் தைத்து, அவரைவிடக் கூடுதலாகச் சம்பாதித்தேன். அந்தச் சம்பளம் இருக்கும்வரை என்னைப் பால் வெட்டவும் கூப்பிட முடியாது, மாமன் மகனுக்குக் கட்டிவைக்கவும் முடியாது. ராணி மாதிரி இருந்தேன், போங்கள்! துணி ஒரு நாட்டிலிருந்து வரும், பொத்தான் இன்னொரு நாட்டிலிருந்து. தைத்த சட்டை வேறெங்கோ போகும். கப்பல் கூலி அவ்வளவு மலிவாம். கப்பல்காரன் நல்லா இருக்கட்டும் என்று வாயார வாழ்த்தினோம்.

சட்டை ஏற்றிய லோரி புறப்படும்போதெல்லாம், பக்கத்து மெஷின் லெட்சுமி அக்கா சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பார். சீன மேனேஜர் முதலில் முறைத்தார். பழம் வைக்க மறந்த அன்று ஒரு லோரி கம்பார் பக்கம் கவிழ்ந்தது. அப்புறம் பழத்துக்கு அவரே காசு கொடுத்தார்.

ஒருநாள் லோரியில் சட்டை ஏறவில்லை, எங்கள் மெஷின்கள் ஏறின. நாங்களேதான் துடைத்து, எண்ணெய் போட்டு, பெட்டியில் அடைத்துக் கொடுத்தோம்.

"எங்கண்ணே போவுது?" என்று லோரிக்காரரைக் கேட்டேன்.

"கிள்ளான்ல கப்பல் ஏத்தி வேற நாட்டுக்கு அனுப்புறாங்க, தங்கச்சி. அந்த ஊரு பொம்பளைங்களுக்குப் பாதிச் சம்பளம் போதுமாம் லா."

எங்களுக்கு வேலை கொண்டுவந்த அதே மலிவுக் கப்பல்!

லோரி உறுமியது. பழக்கதோஷம், லெட்சுமி அக்கா ஓடிப்போய்ப் பழத்தை வைத்துவிட்டார்.

"ஐயையோ! நம்ம பொழப்பத் தூக்கிட்டுப் போற வண்டிக்கு எலுமிச்சம்பழமாக்கா?"

"கை தானா வச்சிருச்சுடி!"

சக்கரம் பழத்தை நசுக்கியது. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம், பிறகு மூக்கைச் சிந்தினோம்.

அன்று அப்பா திட்டவில்லை. "காலையில பெரட்டுக்கு வந்துரு" என்றார். தோட்டத்தில் விடியுமுன் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவதுதான் பெரட்டு. போய் நின்றேன். தை பிறந்ததும் மாமன் மகனுக்குக் கழுத்தையும் நீட்டினேன்.

இன்று கம்பெனி இருந்த இடத்தில் பேரங்காடி, தோட்டம் இருந்த இடத்தில் மாடி வீடுகள். என் மெஷினுக்கு ஒரு கெட்ட பழக்கம், காலர் முனையில் ஒரு தையலைத் தாண்டிவிடும். இந்நேரம் துருப்பிடித்துப் போயிருக்கும், தெரியும். ஆனாலும் சட்டைக்குச் சட்டை அந்தத் தாண்டலைத்தான் தேடுகிறேன். மெஷின் பத்திரமாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கும். லெட்சுமி அக்கா வைத்த பழம் ஒருநாளும் பொய்த்ததில்லை.